மெஸ்

முதல் மெயிலில் கன்ஃப்யூசன் என்று எழுதியிருந்தாள்.
சிறு கன்ஃப்யூசன் இருப்பதுபோல் தெரிகிறதாம்.
தப்பு உன்னுடையது என்பதை
அயர்ன் பண்ணி, மடித்து,
பாலிபேக்கில் போட்டு அனுப்புவார்கள் அப்படி.

இரண்டாவதில் மிக்ஸ்-அப்.
மூன்றாவது இன்று பதினொன்று இருபதுக்கு.
டியர் போடவில்லை, கீழே பேர் போடவில்லை.
ஒரே வரி:
திஸ் ஈஸ் எ மெஸ்.

"என்ன அம்முணி சொல்றா அவ?"
சென்னியப்பண்ணன் கேட்டார்.
படித்துக் காட்டினேன்.
"மெஸ்ஸா? லண்டனுக்குச் சோறு கட்டி அனுப்போணுமாமா?"
கட்டிங் மாஸ்டர் சிரித்தார்
டீக்காரப் பையன் சிரித்தான்
டேபிளில் கிடந்த சாம்பிள் சட்டையை
நான் திருப்பித் திருப்பி மடித்துக்கொண்டிருந்தேன்.
ஏழாயிரத்து இருநூறு சட்டை.

போனில் அகராதி பார்த்தேன்.
அலங்கோலம். தாறுமாறு.
நாய் நடுவீட்டில் இருந்துவைப்பதும் மெஸ்தான்.
வாராத தலையும்.
புருசனை விட்டு வந்தவளைப் பார்த்து
ஷி ஈஸ் எ மெஸ் என்று சொல்வதுண்டாம்.
என்னை இன்னும் யாரும் சொன்னதில்லை,
இங்கிலீஷில்.

அடியில் பொடி எழுத்தில்
பழைய பொருள் என்று போட்டிருந்தது:
ஒருவேளைச் சோறு.
பிறகு எல்லாம் போட்டுப் பிசைந்த தீனி.
அப்புறந்தான் குழப்பம்.

சோற்றிலிருந்து அங்கே வந்துசேர
அவர்களுக்குச் சில நூறு வருசம் பிடித்திருக்கிறது.
நமக்கு எந்நேரமும் ஒரே சட்டிதான்.
குழம்பு என்றால் ஊற்றிக்கொள்ளலாம்
குழம்பு என்றால் உட்கார்ந்து குழம்பலாம்.

ஒரு மணிக்குப் போனேன்.
நாச்சிமுத்து மெஸ், டையிங் ரோட்டு முக்கு.
டோக்கன் நாப்பது ரூபாய்.
தட்டப்பயிறும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு.
எதிர் பெஞ்சில் சுதாம் பெஹெரா
நைட் சிப்ட் முடிந்து குளித்த தலையோடு.
"ஆறு" என்றான் பரிமாறுகிறவனிடம்,
ஒரு கையும் ஒரு விரலும் காட்டி.
ஆறு சப்பாத்தி வந்தது.
இந்த மெஸ்ஸில் எதுவும் மாறிப்போவதில்லை.

அன்றைக்கு ராத்திரி போனில் விரல் இல்லை.
ஓவர்லாக் முப்பது மிசின் ஓட
"ஆறு லேபிள் எடு, ஆறு, ஆறு" என்று கத்தினேன்.
அவன் ஊரில் எட்டுக்கு ஆட்டொ.
அவன் காதில் விழுந்தது அதுதான்.
ஆறு வயசுச் சட்டைக் கழுத்தில் எல்லாம்
விடிவதற்குள் எட்டு ஏறிவிட்டது.
ஒரு லேபிள்கூடக் கோணவில்லை.

அண்ணனிடம் சொன்னது:
"லேபிள்ல ஒரு கொழப்பம் ஆயிப்போச்சுங்ணா."
ஆயிப்போச்சு.
மழை பெஞ்ச மாதிரி, கரன்ட் போன மாதிரி.
யார் என்று அவரும் கேட்கவில்லை.
கேட்டால் யார் பேரைச் சொல்லியிருப்பேன்
என்பதைத்தான்
சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"அக்கா, கொளம்பு?"
வாளியை என் பக்கம் தள்ளினான்.
ஊற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் பதில் அடித்தேன்.
வி ரிக்ரெட் என்று ஆரம்பித்து அழித்தேன்.
ஐ கேவ் தி ராங் சைஸ் என்று அடித்து
அதையும் அழித்து
காபி குடித்துவிட்டு வந்து
மறுபடி அதையே அடித்தேன்.
அண்ணனுக்கு சிசி போட்டேன்,
படிக்க மாட்டார் என்று தெரிந்தே.

ஆடி கழித்துக் காதர்பேட்டையில்
கிலோக் கணக்கில் கொட்டிக் கிடந்தது எங்கள் நீலம்.
கூட்டத்தில் ஒருத்தி
மகனைத் திருப்பி நிறுத்தி
சட்டையை அவன் முதுகில் வைத்துப் பார்த்தாள்.
தோள் சரி. நீளம் ரெண்டு விரல் கூட.
"அடுத்த வருசத்துக்கும் ஆகும்" என்றாள் கடைக்காரனிடம்.
கழுத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று
அவள் பார்க்கவே இல்லை.

நான் பார்த்தேன்.